‘உலகம் முழுவதும் அனுப்புவோம்’ என்று எழுதும் முன்

எங்கள் வீட்டு மச்சில் ஒரு ஜமக்காளம் சுருட்டி வைத்திருக்கிறோம். நான்குக்கு ஆறு அடி, சிவப்பும் கருநீலமும் கோடு. பவானியில் என் மாமனாரின் குழித்தறியில் நெய்தது. ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக்குப் போய், அங்கே ஏழு வாரம் ஒரு வீட்டுக் கூடத்தில் கிடந்துவிட்டு, மறுபடி எங்களிடமே வந்து சேர்ந்தது. ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் காபிக் கறை. அதற்கு வாங்கிய 68 யூரோ, அனுப்புவதற்கு வாங்கிய 31 யூரோ, அந்த அம்மா திருப்பி அனுப்பச் செலவழித்த 38 யூரோ, மூன்றையும் நான் கொடுத்தேன். கறைக்கென்று ஒரு சென்ட்கூடக் கழிக்க முடியவில்லை.

அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருடைய நாட்டுச் சட்டம் கொடுத்த உரிமையை மரியாதையாகக் கேட்டார். தவறு என் இணையக் கடையில் இருந்தது. முதல் பக்கத்தில் ‘உலகம் முழுவதும் அனுப்புவோம்’ என்று எழுதியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதியிருந்தேன். முதல் வரி ஜெர்மன் சட்டத்தை என் கடைக்குள் கூப்பிட்டது. கடைசி வரி அந்தச் சட்டத்துக்கு எதிராக நின்றது.

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்து, ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். 2019 முதல் எங்கள் வீட்டு நெசவை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறேன். தறியோ தையல் மிஷினோ வைத்துக்கொண்டு, ஒரு போனில் படம் எடுத்து விற்கத் தொடங்கும் சின்ன வியாபாரிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லட்சக்கணக்கில் வழக்கு என்றால் வக்கீலிடம்தான் போக வேண்டும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெரும்பகுதியை நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில் நாடுகளின் பட்டியல்

விலை போடுவதற்கு முன்னால், படம் ஏற்றுவதற்கு முன்னால், எந்தெந்த நாட்டுக்கு அனுப்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆரம்பத்தில் ஒரு நாடு போதும். கடை மென்பொருளில் அந்த நாட்டை மட்டும் திறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். முகவரி போடும் இடத்தில் மற்ற நாட்டின் பெயரே வரக்கூடாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உங்கள் பக்கத்தை ஒரு ஜெர்மன்காரர் திறந்து பார்க்க முடிகிறது என்பதாலேயே அவர் நாட்டுச் சட்டம் உங்கள் மேல் வந்துவிடாது. நீங்கள் அந்த நாட்டுக்காரர்களை நோக்கி வியாபாரம் செய்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். ஆஸ்திரியாவில் ஆல்பென்ஹோஃப் என்ற ஹோட்டல் சம்பந்தப்பட்ட வழக்கில், 2010 டிசம்பர் 7 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதற்கான அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. சொந்த நாட்டில் புழங்காத மொழியோ நாணயமோ பக்கத்தில் இருப்பது, போன் நம்பரை வெளிநாட்டுக்காரர் கூப்பிடும்படி நாட்டுக் குறியீட்டோடு போடுவது, வேறு நாட்டு வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசுவது, அந்த நாட்டில் தேடுபவர் கண்ணில் படத் தேடுபொறிக்குப் பணம் கட்டுவது, டாட் காம் போன்ற முகவரி வைத்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தால் உடனே மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம் இல்லை, மொத்தமாக வைத்துப் பார்ப்பார்கள்.

அந்தத் தீர்ப்பின் விவரத்தைப் படித்தபோது என் கடையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். விலை யூரோவில் இருந்தது. போன் நம்பர் +91இல் தொடங்கியது. ‘ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் விரும்பும் தரைவிரிப்பு’ என்று நானே எழுதியிருந்தேன். ஜெர்மனியில் தெரியும்படி மாதம் 2,000 ரூபாய்க்கு விளம்பரமும் கொடுத்திருந்தேன். வாசலில் கோலம் போட்டு அழைத்துவிட்டு, வந்த விருந்தாளியிடம் உங்கள் ஊர் வழக்கம் இங்கே செல்லாது என்று சொல்ல முடியுமா?

நம் நாட்டு நீதிமன்றங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கின்றன. 2009இல் பேனியன் ட்ரீ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், இணையதளம் ஓர் ஊரில் திறக்கிறது என்பது மட்டும் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தராது, அங்கே இருப்பவர்களோடு வியாபாரம் செய்யும் நோக்கம் தெரிய வேண்டும் என்றது.

நம் பக்கத்துக் காகிதங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு வாரத்து வேலை. ஏற்றுமதி இறக்குமதி எண், அதாவது ஐ.இ.சி., வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டினால் கிடைக்கும். உங்கள் பான் எண்ணேதான் அது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரம் சரி என்று உறுதி செய்யாவிட்டால் முடக்கிவிடுவார்கள். இதற்குக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

ஜி.எஸ்.டி. தளத்தில் எல்.யூ.டி. என்ற உறுதிமொழியை ஆர்.எஃப்.டி. 11 படிவத்தில் கொடுத்தால், வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். இதையும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். மறந்தால் வரியை முதலில் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க அலைய வேண்டும். அப்புறம் ஏற்றுமதிப் பணம் வந்து சேரும் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏ.டி. கோடை வங்கியில் வாங்கிச் சுங்கத்துறையில் பதிவு செய்யுங்கள். தபாலில் அனுப்புபவர்களுக்கு அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரம் உண்டு. வீட்டில் உட்கார்ந்தே ஏற்றுமதிப் படிவத்தை நிரப்பிவிட்டுப் பார்சலை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘பரிசு என்று எழுதிவிடுங்கள், மதிப்பைப் பத்து டாலர் என்று போடுங்கள்’ என்று வாங்குபவர்கள் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். செய்யாதீர்கள். படிவத்தில் பத்து டாலர், வங்கியில் வந்து விழுந்தது 75 டாலர் என்றால், அங்கே சுங்கம், இங்கே அந்நியச் செலாவணிச் சட்டம் என்று இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கையெழுத்துதான். வழியில் பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் எழுதிய மதிப்புக்கு மேல் கிடைக்காது.

ஐரோப்பாவுக்குத் திறப்பதென்றால்

பிரேமன் கதைக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையம் வழியாக வாங்கும் நுகர்வோர், பொருள் கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வாங்கியதை ரத்து செய்யலாம். 2011/83 எண்ணுள்ள நுகர்வோர் உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. பொருளின் விலையோடு, முதலில் அனுப்பிய சாதாரண அஞ்சல் செலவையும் விற்றவர் திருப்பித் தர வேண்டும். 14 நாள்தானே, அந்த அம்மா ஏழு வாரம் கழித்து எப்படிக் கேட்டார்? இந்த உரிமை இருக்கிறது என்பதை விற்பவர் முன்கூட்டியே வாங்குபவரிடம் சொல்லவில்லை என்றால், அந்த 14 நாளோடு 12 மாதம் கூடிவிடும். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது என்று சொல்லவில்லை என்றால், அதுவும் விற்றவர் தலையில். பயன்படுத்தியதால் பொருளின் மதிப்பு குறைந்தால் சாதாரணமாகக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் உரிமையைப் பற்றிச் சொல்லாதவருக்குக் கழிக்கும் உரிமை கிடையாது. காபிக் கறை என் தலையில் விழுந்தது அப்படித்தான்.

ஆக, செய்ய வேண்டியது ஒரு பக்கம் எழுதுவது. ரத்து செய்யும் உரிமை, 14 நாள் கணக்கு, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, எந்த மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும், எல்லாவற்றையும் எளிய மொழியில் எழுதுங்கள். அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே மாதிரி அறிவிப்பும் மாதிரிப் படிவமும் இருக்கின்றன. நிரப்பிப் பக்கத்தில் போடுவதோடு, ஆர்டர் உறுதி செய்யும் மின்னஞ்சலிலும் சேர்த்து அனுப்புங்கள். வாங்குபவர் சொன்ன அளவுக்கும் நிறத்துக்கும் தனியாக நெய்து கொடுக்கும் துணிக்கு இந்த உரிமை பொருந்தாது. அதையும் முன்கூட்டியே எழுதுங்கள். எங்களுக்கு இப்போது பாதிக்கு மேல் அளவு சொல்லி நெய்யும் ஆர்டர்தான்.

வரி விஷயம். 22 யூரோ வரைக்கும் இறக்குமதி வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, இல்லை என்ற சலுகை 2021 ஜூலை 1 அன்று போய்விட்டது. 150 யூரோவுக்கு உட்பட்ட பார்சலுக்கு விற்கும்போதே வாட்டை வாங்கி மொத்தமாகக் கட்ட ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற முறை இருக்கிறது. நம்மைப் போல வெளியில் இருப்பவர்கள் அதில் சேர ஐரோப்பாவுக்குள் ஓர் இடைத்தரகரை அமர்த்த வேண்டும், அவருக்கு மாதக் கட்டணம் உண்டு. மாதம் நாலைந்து பார்சல் போடுபவருக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. அமேசான் போன்ற பெரிய சந்தைத் தளம் வழியாக விற்றால் அந்தத் தளமே வாட்டை வாங்கிக் கட்டிவிடும். இதோடு, சிறிய பார்சல்களுக்கு 2026 ஜூலை 1 முதல் பொருளுக்கு 3 யூரோ சுங்கம் என்றும் உறுப்பு நாடுகள் 2025 டிசம்பரில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. விலை போடும்போது கணக்கில் வையுங்கள்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் 2024 டிசம்பர் 13 அன்று நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்புச் சட்டம். ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒருவர் உங்கள் பொருளுக்குப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். அவர் பெயர், முகவரி, மின்னஞ்சல் மூன்றும் பொருளிலோ பொதியிலோ கூட வைக்கும் காகிதத்திலோ இருக்க வேண்டும், விற்பனைப் பக்கத்திலும் தெரிய வேண்டும். உறவினர் ஒருவர் முகவரியைச் சும்மா போட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டாம். அந்தப் பெயருக்கு உண்மையான கடமைகள் இருக்கின்றன. அதிகாரி கேட்டால் ஆவணம் காட்ட வேண்டும், ஆபத்து என்றால் தகவல் சொல்ல வேண்டும். சொந்தக்காரரை அப்படி மாட்டிவிடக் கூடாது.

ஜெர்மனிக்கு மட்டும் இன்னொரு வேலை: அட்டைப்பெட்டி. வீட்டுக்கு வந்து சேரும் பொதிக்கழிவுக்கு அனுப்பியவர் பொறுப்பு என்பது அவர்கள் சட்டம். லூசிட் என்ற பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும், அப்புறம் ஒரு மறுசுழற்சி அமைப்பில் பணம் கட்டிச் சேர வேண்டும். பதிவு இலவசம். வருடத்துக்குப் பத்துப் பெட்டிதான் என்றாலும் விலக்கு இல்லை. 2022 ஜூலை முதல் சந்தைத் தளங்களும் இந்த எண் இல்லாதவர்களை விற்கவிடக் கூடாது. நான் பதிந்தபோது வருடத்துக்கு எத்தனை கிலோ அட்டை என்று கேட்டார்கள். வீட்டுத் தராசில் ஒரு காலிப் பெட்டியை வைத்து எடை பார்த்தேன், 410 கிராம். பெட்டி எண்ணிக்கையால் பெருக்கி எழுதிக் கொடுத்தேன். இப்போது பாதி ஆர்டருக்குப் பெட்டியை விட்டுவிட்டுக் காகித உறைக்கு மாறிவிட்டோம்.

படுக்கை விரிப்பு அனுப்புபவர்கள் சாயப்பட்டறையிடம் அசோ சாயம் பற்றிய சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். சில அசோ சாயங்களிலிருந்து அமீன் என்ற நச்சு வேதிப்பொருள் வெளிவரும்; தடை செய்த அமீன் ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. ஈரோடு, கரூர், திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. இணையத்தில் ஒன்றிரண்டாக விற்பவருக்கும் அதே சட்டம்தான் என்பதை மட்டும் மறக்கிறோம்.

அமெரிக்கா

800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்குச் சுங்கம் இல்லை என்று 2016 முதல் இருந்தது. 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு நாலு நாள் முன்னாலேயே நம் அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல் வாங்குவதை நிறுத்தியது. என் வீட்டில் பதினோரு ஜமக்காளம் கட்டி ஒட்டிய நிலையில் கூடத்தில் அடுக்கிக் கிடந்தது. தீபாவளிக்குப் போய்ச் சேர வேண்டியவை. அக்டோபர் 15 அன்றுதான் மறுபடி வாங்கத் தொடங்கினார்கள், சுங்கத்தை அனுப்பும் இடத்திலேயே கட்டிவிடும் டி.டி.பி. முறையில்.

சுங்க விகிதம் அதற்கப்புறம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அதனால் பழைய எண்ணை நம்பி விலை போடாதீர்கள், புக் பண்ணும் நாளில் பாருங்கள். கடைப் பக்கத்தில் ‘சுங்கம் உட்பட’ அல்லது ‘சுங்கம் நீங்கள் கட்ட வேண்டும்’ இரண்டில் ஒன்றைக் காசு கட்டும் பொத்தானுக்கு மேலேயே எழுதுங்கள். இது எழுதாததால்தான் வாசலில் வந்த பார்சலை வாங்க மறுப்பதும், கார்டு கம்பெனியில் புகார் செய்வதும் நடக்கிறது. சுங்கக் குறியீட்டையும் சரியாகப் போடுங்கள். நெய்த தரைவிரிப்பு 5702, படுக்கை விரிப்பு 6302. ஜமக்காளத்தைப் ‘பெட்ஷீட்’ என்று எழுதிவிட்டால் வரியும் மாறும், சிக்கலும் வரும். துணி என்றால் நூல் கலவை, நெய்த நாடு, தயாரித்தவர் பெயர் உள்ள லேபிள் வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொருள் என்றால் சோதனைக்கூடச் சான்றிதழ் இல்லாமல் இறங்காதீர்கள்.

எங்கள் தெருவில் தையல் யூனிட் வைத்திருக்கும் தம்பி ஒருவர், ஒரு ராத்திரி போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். “அக்கா, சிக்காகோ கோர்ட்டுல இருந்து மெயில் வந்திருக்குங்க. கடைப் பணத்தை எல்லாம் பிடிச்சு வெச்சிட்டாங்க.” உலகமே அறிந்த ஒரு கார்ட்டூன் முகத்தைத் தலையணை உறையில் அச்சடித்து விற்றிருந்தார். மொத்தம் பதினேழு உறை. பஜாரில் அந்தத் துணியே மீட்டர் கணக்கில் கிடைக்கிறதே என்பது அவர் வாதம்.

சிக்காகோவில் இருக்கும் இல்லினாய் வடக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இந்த வகை வழக்குகள் ஏராளமாக நடக்கின்றன. வணிகமுத்திரை உரிமையாளர் பல இணையக் கடைகளின் பெயரை ‘ஷெட்யூல் ஏ’ என்ற ஒரே பட்டியலில் சேர்த்து வழக்குப் போடுவார். கடைக்காரருக்குத் தெரியும் முன்பே நீதிமன்றம் கணக்கை முடக்க உத்தரவு தரும். போலி முத்திரைக்குச் சட்டம் வைத்திருக்கும் நஷ்டஈடு, ஒரு முத்திரைக்கு ஒரு பொருள் வகைக்கு 1,000 டாலரில் தொடங்கி 2,00,000 வரை போகும். வேண்டுமென்றே செய்ததென்றால் இன்னும் மேலே.

அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் மோசடி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் குறித்துக்கொண்டு, சந்தைத் தளம் தனியாக அனுப்பிய அறிவிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதில் சொல்லும் கடைசித் தேதியைத் தேடுங்கள். அது தாண்டினால் உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும், முடக்கிய பணம் அவர்களுக்குப் போய்விடும். அந்தப் பொருளை உடனே கடையிலிருந்து எடுத்துவிட்டு, எத்தனை விற்றது, எவ்வளவு வந்தது என்ற கணக்கோடு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதுங்கள். தம்பி ஒரு வக்கீல் மூலம் எழுதி, முடங்கிய தொகையில் ஒரு பங்கைக் கொடுத்துச் சமாதானமாகி வெளியே வந்தார். பதினேழு உறைக்கான லாபத்தைவிட அது பல மடங்கு.

நம் பெயரும் நம் படமும்

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களின் பட்டியலிலும் ஜமக்காளம் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதை எங்கள் ஊர்ப் பெயரில் வெளிநாட்டில் விற்கிறார்கள். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து, அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நாடாவைத் தள்ளி நெய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். இந்தியாவில் பெற்ற புவிசார் குறியீடு அமெரிக்காவில் தானாகச் செல்லாது. பதிவு அந்தந்த நாட்டோடு நின்றுவிடும்.

படத்தின் பதிப்புரிமை அப்படி இல்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில், பதிவு செய்யாமலே அது உங்களுடையது. என் மாமனார் தறியில் இருக்கும் படத்தை ஒரு கடை அப்படியே எடுத்துத் தன் விசைத்தறிச் சரக்குக்குப் போட்டிருந்தது. டி.எம்.சி.ஏ. என்ற 1998ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அந்தக் கடைக்கு இடம் கொடுத்த தளத்துக்கு எழுதினேன். என் படம் எது, அதை நான் போட்டிருக்கும் பக்கம் எது, திருட்டுப் படம் இருக்கும் பக்கத்தின் முழு முகவரி, என் தொடர்பு விவரம், இது அனுமதி இல்லாத பயன்பாடு என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறேன் என்ற வாக்கியம், நான்தான் உரிமையாளர், சொல்வது சரி என்ற பொறுப்பேற்பு, பெயரெழுதிக் கையெழுத்து. இவ்வளவுதான், ஒரு பக்கம் வரவில்லை. வக்கீல் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் படம் போய்விட்டது. போனில் எடுத்த அசல் கோப்பைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள், எதிர்ப்பு வந்தால் அதுதான் சாட்சி.

தகராறு வந்தால்

‘எல்லாத் தகராறும் ஈரோடு நீதிமன்றத்துக்கு உட்பட்டது’ என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஐரோப்பிய நுகர்வோரிடம் அது நிற்காது. லக்சம்பர்க் சட்டம்தான் பொருந்தும் என்று அமேசான் எழுதிய வரியைப் பற்றி 2016இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நுகர்வோரின் சொந்த நாட்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்பதை மறைக்கும் வாசகம் நியாயமற்றது என்றது. ஆகவே அந்த வரியோடு ‘உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டம் தரும் கட்டாயப் பாதுகாப்பு இதனால் குறையாது’ என்று சேர்த்திருக்கிறேன். விதிமுறைகளைப் பக்கத்தின் அடியில் ஒளித்து வைக்காமல், படித்தேன் என்று வாங்குபவரே டிக் போடும்படி வையுங்கள். நீங்களே முன்கூட்டி டிக் போட்ட பெட்டி வேண்டாம். பழைய பக்கங்களில் ஐரோப்பிய ஆன்லைன் தகராறு மேடைக்கு இணைப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், அந்த மேடையை 2025 ஜூலை 20 அன்று மூடிவிட்டார்கள்.

உண்மையில் 60 டாலருக்காக யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. கார்டு கம்பெனியிடம் ‘பொருள் வரவில்லை’ என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப எடுப்பார்கள். உங்களுக்கு ஆதாரம் கொடுக்கச் சில நாள்தான் கிடைக்கும். அதனால் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன்: ஆர்டர் வந்த நேரம், டிக் போட்ட பதிவு, பார்சலை மூடும் முன் எடுத்த படம், எடைச்சீட்டு, ட்ராக்கிங் எண், சேர்ந்த நாள், அவரோடு பேசிய மின்னஞ்சல்கள். தேவையில்லாத தனிப்பட்ட விவரம் எதையும் அதில் சேர்ப்பதில்லை. ஐரோப்பியரின் விவரத்தை எதற்கு வைத்திருக்கிறேன், எவ்வளவு நாள் வைத்திருப்பேன் என்று தனியுரிமைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவர்களுடைய தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். அதைத்தான் கேட்கிறது.

இப்போது என் கடையில் திறந்திருப்பது மூன்று நாடு: அமெரிக்கா, ஜெர்மனி, சிங்கப்பூர். இங்கிலாந்திலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். 135 பவுண்டுக்கு உட்பட்ட பார்சலை நேரடியாக விற்க அங்கே வாட் பதிவு வேண்டும். அந்தப் பதிவு முடியும் வரை அந்த நாட்டை மூடியே வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குப் பதிவு முடிந்ததும் எழுதுகிறேன் என்று பதில் போடுகிறேன்.